பிடுங்கிப் பார்க்கக் கூடாத வேர்

நூற்புழு துளைக்க முடியாத வேர் என்று சொல்லித்தான் கம்பெனி அந்த நெல்லை விற்றது. நட்ட நாற்பதாம் நாள் பயிர் மஞ்சள் பாய்ந்ததும், செங்கமலம் வழக்கம்போல ஒரு தூரைப் பிடுங்கினாள். வரப்பில் கம்பெனி நட்டிருந்த கேமரா கூவியது. கால் மணி நேரத்தில் கம்பெனி அதிகாரி வந்து நின்றார்.

"வேரோட அமைப்பு கம்பெனி ரகசியம்மா. பிடுங்கிப் பாக்கறது குத்தம். விதை வாங்கறப்பவே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நோட்டீஸ் வரும்."

"பயிருக்கு நோவுன்னா வேரைப் பாக்காம வேற எதைப் பாக்கறது?"

அவர் தூரை வாங்கக் கை நீட்டினார். செங்கமலம் சேற்றை அலசிவிட்டு வேரை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். வேர் நெடுகப் புழு முடிச்சுகள்.

"புழு உள்ள பூந்து குடித்தனமே நடத்துது. மொதல்ல அதுக்கு நோட்டீஸ் குடுத்துட்டு, அப்பறம் எங்கிட்ட வாங்க சார்."