குங்குமம் வைத்த கவர்கள்

மிச்சிகனில் ஒரு சின்ன மாவட்டத்தின் வடிகால் ஆணையர் தேர்தலில் மாசிலாமணி ஒரே ஓட்டில் தோற்றார். அவரும் மனைவி பூவிழியும் தபால் ஓட்டுக் கவர்களுக்குக் குங்குமம் வைத்த அவசரத்தில் கையெழுத்துப் போட மறந்துவிட்டார்கள். இரண்டும் செல்லாத ஓட்டு.

பதினெட்டு வருடமாக அந்தக் குங்குமச் சிமிழைத் திட்டித் தீர்த்தவர், இன்று, நடக்காமல் போன வாழ்க்கையை ஓட்டிக் காட்டும் ‘ஜெயித்திருந்தால்’ திரையை வாடகைக்கு எடுத்து வந்தார். அதில் அவர் அமெரிக்க அதிபராகவே ஆகிவிட்டார். ஆனால் வெள்ளை மாளிகையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“இதுல நீ எங்க போன?” என்று மனைவியைக் கேட்டார்.

பூவிழி திரையைப் பின்னால் ஓட்டினாள். வெற்றி விழாவில் அவர் மாலையோடு நின்ற நேரம், வீட்டில் அவள் நெஞ்சைப் பிடித்தபடி சரிந்தாள்.

“நெசத்துல, தோத்துட்டு மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு சீக்கிரமே வந்தீங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனீங்க.”

மாசிலாமணி எழுந்துபோய்க் குங்குமச் சிமிழை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.