முகம் பொருந்தவில்லை

இந்த மனுஷன் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும்.

மினிபஸ்ஸின் முதல் வரிசையில் உட்கார்ந்து அவள் இதையே மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். டிரைவர் இருக்கையில் கணவன், மிச்சமிருந்த நாலு முடியைப் படிய வாரி, பெண் பார்க்க வந்தவன் மாதிரி தயாராக இருந்தான். செய்முறைத் தேர்வுக்குப் பயணியாக வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வரலாம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. அவளைத்தான் இழுத்து வந்திருந்தான்.

"நீ பின்னாடி இருந்தா எனக்குத் தெம்பு. நான் ஏதாவது உளறினா இருமு, மாத்திச் சொல்லிக்கிறேன்."

கம்பெனி நவீனமாகிவிட்டது. பழைய டிரைவர்கள்கூட ஆன்லைனில் பாடம் படித்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லி, பிறகு ஓட்டிக் காட்ட வேண்டும். தேறாதவருக்கு அடுத்த மாதம் வண்டி இல்லை. வண்டி இல்லையென்றால் வீட்டில் அடுப்பு எரியாது.

கணவன் முதல் பாடத்தின் முதல் வரியிலேயே கொட்டாவி விட்டான். "இத்தனை வருஷம் ஓட்டினவனுக்கு இவனுங்க சொல்லித் தரானுங்களா? நீயே எதையாவது அமுக்கி முடிச்சு வை" என்று போனை அவள் மடியில் போட்டுவிட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டான். எதை அமுக்கினாய், எப்படி அமுக்கினாய் என்று அதன்பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவளும் வெறுமனே அமுக்கத்தான் தொடங்கினாள். பிறகு, தையல் மிஷின் மேல் போனைச் சாய்த்து வைத்து, படிக்கவே தொடங்கிவிட்டாள். கண்ணாடியில் தெரியாத மூலை எது, மழையில் முன்னால் போகும் வண்டியை எவ்வளவு தள்ளித் தொடர்வது, படியில் தடுமாறுகிறவரை எப்படி ஏற்றுவது. ஒவ்வொரு பாடமும் முடிந்ததும், "அருமை! நீங்கள் பொறுப்பான ஓட்டுநர்" என்று போன் சொல்லும். அந்த வீட்டில் அவளைப் பார்த்து அருமை என்று சொன்ன முதல் ஜீவன் அந்தப் போன்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியைக் கழுவ ஓட்டிப்போகிறவளும் அவள்தான் என்பதால், படித்ததை எல்லாம் செய்தும் பார்த்துக்கொண்டாள்.

ஆனாலும் அது மோசடி. ஆள்மாறாட்டம் செய்தால் போலீஸ் கேஸ் உண்டு என்று பாடத்திலேயே இருந்தது. அந்தக் கேள்விக்கும் அவள் சரியாகப் பதில் சொல்லியிருந்தாள்.

தேர்வு அதிகாரி, கையில் டேப்லெட்டோடு ஏறினார். கண்டிப்பான அம்மாள். ஆனால் கணவனைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்களைப் பார்க்கத்தான் ஆசையா இருந்தேன். எங்க பயிற்சியில நீங்கதான் முதல் மார்க்."

"எல்லாம் உழைப்பு மேடம்," என்றான் கணவன், கூச்சமே இல்லாமல். "ராத்திரி பகலா படிச்சேன்."

"வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி கண்ணாடியில என்ன பார்ப்பீங்க?"

"தலை கலைஞ்சிருக்கான்னு பார்ப்பேன்."

அவள் குடல் வெளியே வருகிற மாதிரி இருமினாள்.

"பின்னாடி மேடம்! பின்னாடி வண்டி வருதான்னு பார்ப்பேன்!"

அதிகாரி திரும்பினார். "உடம்பு சரியில்லையாம்மா?"

"தூசி மேடம்."

"சரி, கிளம்பறதுக்கு முன்னாடி இதுல முகத்தைக் காட்டுங்க. படிச்ச ஆள்தானான்னு அதுவே பார்த்துக்கும்."

கணவன் பல்லைக் காட்டினான். டேப்லெட் கீச்சென்று கத்தியது. முகம் பொருந்தவில்லை.

பல்லை மூடிக்கொண்டு காட்டினான். பொருந்தவில்லை. மீசையை முறுக்கிக்கொண்டு காட்டினான். அப்போதும் பொருந்தவில்லை.

"நான்தான் மேடம் நான்! லைசென்ஸைப் பாருங்க!"

லைசென்ஸில் இருந்தவனுக்குத் தலை நிறைய முடியும் ஒட்டிய கன்னமும் இருந்தன. அதிகாரி அதையும் எதிரில் இருந்த வழுக்கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுவும் நீங்க இல்லை. படிச்சு மார்க் வாங்கினது ஒருத்தர், வந்து உட்கார்ந்திருக்கறது நீங்க. இதோ பாருங்க, பதிவான முகம்."

டேப்லெட்டைத் திருப்பினார். கணவனின் தொப்பி, கணவனின் சட்டை, கண்மையால் வரைந்த மீசை. முதல் நாள் 'முகத்தைக் காட்டவும்' என்று போன் கேட்டபோது, தூங்குகிறவனை எழுப்பினால் வீடு இரண்டாகிவிடும் என்று அவள் செய்த வேலை. அப்புறம் பாடத்துக்குப் பாடம் அதே மீசையை வரைய வேண்டியதாயிற்று.

தொலைந்தோம். பெண்டாட்டி முகம் தெரியாமலா போகும்? இப்போது உளறிக் கொட்டிவிடுவான்.

கணவன் படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தான். தள்ளி வைத்தும் பார்த்தான்.

"யாரு மேடம் இவன்? களவாணிப் பய மாதிரி முழிக்கிறான். சத்தியமா இந்த மூஞ்சியை நான் ஜென்மத்துல பார்த்ததில்லை."

கல்யாணம் ஆன நாளிலிருந்து இவன் எதிரில் நின்று மூன்று வேளையும் சாப்பாடு போட்ட முகம் அது. அவளுக்குள் இருந்த பயம் எழுந்து போய்விட்டது. அந்த இடத்தில் வேறு ஏதோ வந்து சாவகாசமாக உட்கார்ந்துகொண்டது.

"களவாணியா?" அதிகாரிக்குக் கோபம் வந்தது. "எவ்வளவு பொறுப்பான ஆள் தெரியுமா அவர்? ஓட்டிக் காட்டிட்டாருன்னா மத்த டிரைவர்களுக்குச் சொல்லித் தரவே அவரைப் போடப் போறோம். நீங்க யாருன்னு முதல்ல சொல்லுங்க!"

"என் பெண்டாட்டியைக் கேளுங்க மேடம்! ஏய், வாயில என்ன கொழுக்கட்டையா? நான் யாருன்னு சொல்லுடி!"

அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். "பயப்படாம சொல்லுங்கம்மா. இவர்தான் உங்க வீட்டுக்காரரா?"

அவள் கணவனை நிதானமாக, மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"தெரியலீங்க மேடம்," என்றாள் மெதுவாக, "படத்துல இருக்கிறவர் நாளைக்குக் காலையில வந்து வண்டி ஓட்டிக் காட்டுவார்."