எங்க வீட்டு வழக்கம்

ஹில்டா தன் கல்யாணக் கவரிங் நகைக் கடையில் சண்முகவடிவுக்கு மட்டும் நாற்காலி போடமாட்டாள். உட்கார்ந்துவிட்டால் இன்னும் ஐநூறு ரூபாய் குறைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

அன்றைக்குப் போட வேண்டியதாயிற்று. கூடச் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள்.

சண்முகவடிவு, புருசன் போன பிறகு கருப்பட்டியைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்றவள். இன்றைக்கு இரண்டு பலசரக்குக் கடைக்கு முதலாளி. இன்னும் பன்னிரண்டு நாளில் இளைய மகன் விஜயராஜுக்குக் கல்யாணம். பெண்ணுக்கு நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், ஜடை அலங்காரம் எல்லாம் மாப்பிள்ளை வீட்டுச் செலவு. தங்கம் பெண் வீட்டார் பாடு. பதினைந்து பவுன் போடுகிறோம் என்று நிச்சயத்தன்றே சொல்லியிருந்தார்கள்.

பெண் இசக்கிச்செல்வி, பக்கத்துப் புதுக்கோட்டையிலிருந்து அம்மா பிச்சம்மாளோடு பஸ்ஸில் வந்திருந்தாள். வெயிலுக்குப் போட்ட முக்காட்டை, ஏசி ஓடுகிற கடைக்குள் வந்த பிறகும் பிச்சம்மாள் எடுக்கவில்லை.

செல்விக்கு ஒரு செட் பிடித்துவிட்டது. தங்க நிறம், சிவப்புக்கல், நடுவில் மயில் வைத்த ஒட்டியாணம். இடுப்பில் மாட்டிக்கொண்டு, பின்னால் நின்ற விஜயராஜிடம் கண்ணாடி வழியாகவே புருவத்தால் கேட்டாள். அவன் வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டினான்.

ஹில்டா பிச்சம்மாள் பக்கம் திரும்பினாள்.

"நீங்க போடுத ஆரம், நெக்லஸ் போட்டோ போன்ல இருந்தா காட்டுங்கம்மா. அந்தத் தங்கத்து நிறத்துக்கு ஒட்டியாணம் ஒத்துப்போவணும். இல்லன்னா வீடியோல ஒண்ணு மஞ்சளாவும் ஒண்ணு செவப்பாவும் தெரியும்."

எல்லாப் பெண் வீட்டாரிடமும் கேட்பதுதான். பிச்சம்மாள் போனைத் தடவினாள். தடவிக்கொண்டே இருந்தாள். நகை லாக்கரில் இருக்கிறது என்றாள். போட்டோ எல்லாம் வீட்டுக்காரர் போனில் இருக்கிறது என்றாள். குனிந்ததில் முக்காடு நழுவ, வெடுக்கென்று இழுத்துவிட்டுக்கொண்டாள்.

சரி, நாளைக்கு வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள் என்றாள் ஹில்டா.

சண்முகவடிவு எழுந்துவிட்டாள்.

"ஒண்ணும் அனுப்ப வேண்டாம். ஏளா செல்வி, அந்த மயிலைக் கழட்டு."

செல்வி விழித்தாள்.

"எங்க வீட்ல தாலி கட்டும்போது, தாலியைத் தவிர பொட்டுத் தங்கம் பொண்ணு மேல இருக்கப்படாது. முத்துதான் போடணும். அதுவும் நாங்க எடுத்துக் குடுக்குற முத்து. அது எங்க வீட்டு வழக்கம்."

"மதினி, பதினஞ்சு பவுன்னு நாங்க வாக்கு..." என்று இழுத்தாள் பிச்சம்மாள்.

"பொறவு கொண்டாந்தாலும் வாசல்லயே திருப்பி அனுப்பிருவேன். வழக்கத்தை மீறி ஒரு மோதிரம் போட்டு மேடையேத்துனாலும் என் மவனை எறக்கிக் கூட்டிட்டுப் போயிருவேன். சொல்லிட்டேன்."

செல்வியின் விரல்கள் கொக்கியைத் தேடித் தடுமாறின. வளையல் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள், இந்தக் காலத்திலும் இப்படி ஒரு மாமியாரா என்று காதில் விழும்படியே பேசிக்கொண்டார்கள்.

வெள்ளை முத்து செட் வந்தது. ஹில்டா ஒன்பதாயிரம் சொன்னாள். சண்முகவடிவு ஐயாயிரத்தில் ஆரம்பித்தாள்.

"கடையைப் பூட்டிச் சாவியையும் தந்துரட்டுமாக்கா?"

"அந்தப் பழைய பூட்டு எனக்கெதுக்கு? ஆறாயிரத்துக்குப் பில்லைப் போடு."

போகிற போக்கில் ஹில்டா ஒரு ஜோடி முத்துக் கம்மலைப் பிச்சம்மாளிடம் நீட்டி, சம்பந்தியம்மாவும் காதில் வைத்துப் பார்க்கட்டும் என்றாள். பிச்சம்மாள் ஓரடி பின்வாங்கினாள். சண்முகவடிவு அதை ஹில்டாவின் கையிலிருந்து பிடுங்கிப் பெட்டிக்குள் போட்டாள்.

"அவங்க என்ன கல்யாணப் பொண்ணா? உள்ள வையி."

அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு, கடற்கரை ரோட்டில் நிறுத்தியிருந்த காருக்கு வந்தார்கள். கதவைச் சாத்தியதும் விஜயராஜ் வெடித்தான். ஆசையாக எடுத்ததைக் கழற்றச் சொன்னதையும், நாலு பேர் முன்னால் அந்த அம்மாளை அவமானப்படுத்தியதையும் சொல்லிச் சொல்லிக் கத்தினான். சண்முகவடிவு கடல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் கல்யாணத்துல பொண்ணு கழுத்துல நாப்பது பவுன் கிடந்துச்சே. நம்ம வீட்ல எப்பம்மா ஆரம்பிச்சது இந்த வழக்கம்?"

"இன்னைக்கு. ஹில்டா போட்டோ கேட்டால்லா, அப்ப."

அவன் சாவியைத் திருப்பாமல் அப்படியே இருந்தான்.

"மேடைக்கு ஆரஞ்சு செவ்வந்தி சொல்லிருக்கில்லா? வெள்ளைச் சம்பங்கியா மாத்தச் சொல்லு. முத்துக்கு அதுதான் எடுக்கும்."

"அம்மா..."

"உன் மாமியாருக்கு முக்காடு வெலகுனப்ப காதைப் பாத்தியாலே? கம்மல் இல்ல. தொளை தூந்துபோவாம இருக்க ஈர்க்குச்சி சொருகிருக்காவ. காதுக்கே ஒண்ணு இல்லாதவ பதினஞ்சு பவுனுக்கு எங்க போவா? இருக்குற வீட்டை வித்துத்தான் போடணும்."

விஜயராஜ் அம்மா பக்கம் திரும்பினான். மெதுவாகக் கேட்டான். "ஒரு நொடிதானம்மா வெலகுச்சு. அவங்க பக்கத்துல நின்ன நான்கூடப் பாக்கலையே. நீ எப்படிப் பாத்தே?"

சண்முகவடிவு தன் காதிலிருந்த வைரக் கம்மலின் திருகாணியை ஒருமுறை இறுக்கிக்கொண்டாள்.

"பாக்காமலே தெரியும்லே. கருப்பட்டி வித்த ஏழு வருசமும் நான் முக்காட்டை எடுத்ததே இல்ல."