பேட்டரிக்குத் தெரிந்த மருமகள்

மாடியில் சோலார் தகடுகள், கூடத்துச் சுவரில் அலமாரி உயரத்துக்கு ஒரு பேட்டரி. எல்லாம் மூத்தவள் பார்த்துப் பார்த்து வாங்கிப் போட்டது. அவள் செத்துப்போன பிறகு இரண்டாந்தாரமாக வந்த இளையவளுக்கு, அந்தப் பேட்டரியைத் துடைக்கும்போதெல்லாம் வயிறு எரியும். மூச்சிரைப்போடு கிடக்கும் மாமியார் விடிந்தால் அடைந்தால் மூத்தவள் புகழையே பாடினால் எரியாமல் என்ன செய்யும்?

புயலடித்த மதியம் ஊர் முழுக்கக் கரண்ட் போனது. மாமியாரின் ஆக்சிஜன் மெஷின் நின்றது. பேட்டரியில் சார்ஜ் நிறைய இருந்தது. ஆனால் போனிலிருந்து உத்தரவு போனால்தான் அது கரண்ட் கொடுக்கும். போனில் சிக்னலே இல்லை. இளையவள் தட்டித் தட்டிப் பார்த்தாள். மாமியாரின் உதடு நீலம் பாரித்தது.

திடீரென்று மெஷின் ஓடத் தொடங்கியது. சிக்னல் இன்னும் வரவில்லை.

"வந்துட்டியாம்மா?" மாமியார் இளையவளைத் தாண்டிப் பார்த்துச் சிரித்தார். "உனக்குத்தான் இதெல்லாம் கைவந்த வேலை." நகர்ந்து படுத்துக் கட்டிலோரம் இடம் விட்டார். அங்கே மெத்தை மெல்ல அமுங்கியது.

பயந்து ஓடியிருக்க வேண்டும். இளையவளுக்கோ பற்றிக்கொண்டு வந்தது. "நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா அத்தை?" என்று போய் அந்தப் பள்ளத்திலேயே உட்கார்ந்தாள்.

மெஷின் நின்றது. மாமியார் மூச்சுக்குத் தவித்தார்.

எழுந்தாள். மெஷின் ஓடியது.

சாயங்காலம் தெருவுக்குக் கரண்ட் வரும்வரை இளையவள் சுவரோரமாக நின்றுகொண்டே இருந்தாள். மாமியார் யாருடைய கையையோ பிடித்தபடி நிம்மதியாகத் தூங்கினார்.