ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி

"வீட்ல கைக்குழந்தை இருக்கு. ஞாயிற்றுக்கிழமை வந்து செல்லுக்கு யார் மீடியம் மாத்துவா?"

கேட்டவர் மேடம். இன்டர்வியூ அறையில், எல்லார் முன்னாலும் கேட்டார்.

அவளுக்குக் காது மடல் சுட்டது. புது மருந்து ஆராய்ச்சிக் குழுவின் தலைமைப் பதவி கேட்டுத்தான் வந்திருந்தாள். பரிசோதனைக்கு உயிருள்ள செல் வளர்ப்பதில் அந்தக் கட்டடத்திலேயே அவள் கைக்கு ஈடு கிடையாது. செல்லுக்கு ஞாயிறு, திங்கள் தெரியாது என்பதும் அவளுக்குத் தெரியும். நேரத்துக்கு மீடியத்தை, அதாவது அதன் சாப்பாட்டை, மாற்றாவிட்டால் பல மாத உழைப்பு செத்துப் போகும்.

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இயக்குநரும் மனிதவள அதிகாரியும் தேன் ஒழுகப் பேசினார்கள். இந்தத் துறையை இனிமேல் பெண்கள்தான் நடத்த வேண்டும் என்றார் ஒருவர். இன்னொருவர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். மூன்றாவது ஆள்தான் மேடம். அந்தக் கட்டடத்தில் பெரிய பதவியில் இருக்கிற ஒரே பெண். லேபில் அவருக்குக் கடுகு என்று பேர். ஆள் சின்னது, எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது.

வெடித்தது இன்றைக்கா, அதுவும் என் தலையிலா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"குழந்தைக்கு அப்பான்னு ஒருத்தர் இருக்கார் மேடம். ஞாயிறு காலைல அவர் பாத்துப்பார். பிரசவ லீவு முடிஞ்சு வந்ததுலேர்ந்து என் செல் ஒரு வேளைகூடப் பட்டினி கிடந்ததில்லை. அடுத்த ஆளா வெளியே உட்கார்ந்திருக்காரே, அவரோட செல்லுக்கும் பாதி ஞாயிறு நான்தான் மாத்தறேன். அவருக்கு அன்னிக்குத் தூக்கம்."

மேடம் விடவில்லை. "குழந்தைக்கு உடம்பு சரியில்லைன்னா?"

"அப்பவும் அதே அப்பாதான்."

மனிதவள அதிகாரி இருமினார். இயக்குநர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகலாம் என்று மேடம் சொல்லிவிட்டார்.

அடுத்து உள்ளே போன பக்கத்து மேஜைக்காரர் போன வேகத்தில் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். அவருக்கு இரட்டைப் பிள்ளைகள், இன்னும் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பற்றி ஏதாவது கேட்டார்களா என்றாள். "என்கிட்ட எதுக்கு அதைக் கேக்கப் போறாங்க?" என்றார். மனுஷர் நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அதுதான் இன்னும் எரிந்தது.

போன வருடமும் இதே மாதிரி ஒரு பதவிக்கு இதே மூன்று பேர் முன்னால் உட்கார்ந்தாள். அப்போது நிறைமாதம். ஒருத்தரும் வயிற்றைப் பற்றி வாய் திறக்கவில்லை. சிரித்து வழியனுப்பிவிட்டு, அனுபவம் போதாது என்று பிறகு சொல்லியனுப்பினார்கள். பதவி கிடைக்காவிட்டாலும் அன்றைக்கு மரியாதையாவது மிஞ்சியது. இந்தத் தடவை அதற்கும் ஒரு பெண் உலை வைத்துவிட்டாள்.

செல் வளர்க்கும் அறைக்குப் போய்க் கையுறையை மாட்டினாள். இந்தக் கோபத்தோடு செல்லைத் தொடக் கூடாது என்று பட்டது.  கழற்றப் போனபோது கதவில் மேடம் நின்றார்.

"கோபமா?"

"ஒரு ஆம்பளை அதைக் கேட்டிருந்தா இந்நேரம் புகார் எழுதியிருப்பேன் மேடம். நீங்க கேட்டதால எந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டு யார்கிட்ட போய் அழறது? பொண்ணுக்குப் பொண்ணே எதிரின்னு சும்மாவா சொன்னாங்க?"

மேடம் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். அந்த நிதானம்தான் அவளை இன்னும் கிளப்பியது. மேடத்துக்குக் குழந்தை இல்லை என்பது லேப் முழுக்கத் தெரிந்த விஷயம். அவளுக்கும் தெரியும். தெரிந்தேதான் கேட்டாள்.

"பெத்து வளர்த்திருந்தாத்தானே உங்களுக்குத் தெரியும்?"

மேடம் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பதவி உனக்குத்தான். திங்கட்கிழமையிலிருந்து அந்தக் குழு உன்னோடது. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

 சந்தோஷம் வருவதற்கு முன்னால் கோபம்தான் மறுபடி வந்தது. பிறகு எதற்கு அந்தக் கேள்வி, பக்கத்து மேஜைக்காரரிடம் மட்டும் ஏன் கேட்கவில்லை என்றாள்.

"அவர் எழுந்து போனப்புறம் அவரைப் பத்தி அதை யாரும் கேக்கப் போறதில்லை. உன்னைப் பத்திக் கேப்பாங்க. போன வருஷம் நீ வெளியே போய்க் கதவு சாத்தினதும் அந்த ரெண்டு பேரும் முதல்ல கேட்டது இதைத்தான். குழந்தை பிறந்துட்டா ஞாயிற்றுக்கிழமை யார் வருவான்னு. பதில் தெரிஞ்சவ நீ. நீ வெளியே இருந்தே. அதான் இந்தத் தடவை உன் முன்னாடியே நான் கேட்டுட்டேன். நீ சொன்னதுக்கு மேல அவங்களுக்குக் கேக்க ஒண்ணும் மிச்சமில்லை."

தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்த கை அவள் கண்முன் வந்து போனது. அந்தத் தண்ணீரைக் குடித்துத் தொலைத்தோமே என்றிருந்தது.

"அப்போ போன வருஷம் நீங்க எனக்காக ஒண்ணும் பேசலையா மேடம்?"

"பேசினேன்." மேடம் எழுந்து கதவு வரைக்கும் போய்த் திரும்பினார். "பெத்து வளர்த்திருந்தாத்தானே தெரியும்னு இப்போ என்னைக் கேட்டியே, அதையே கேட்டுத்தான் என் வாயை அடைச்சாங்க."