கூடவே வந்தது

தன் கண் அடிக்கடி சூடாகிறது என்றுதான் நறுமுகை குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்கு வந்தாள். கூடவே கணவன் திருமாறனும் வந்தான். கல்யாணத்தின்போது இருவரும் ஒரே கம்பெனியின் செயற்கைக் கண்களைப் பொருத்திக்கொண்டவர்கள்.

கடைக்காரப் பெண் ஒரு கருவியை அவள் இமையருகே பிடித்துப் பார்த்தாள். "வேண்டாத ஆப் நிறைய ஓடுதுக்கா. இதோ, 'பொலிவு'ன்னு ஒண்ணு, கண்ணோட கூடவே வந்தது. யாரைப் பார்த்தாலும் முகத்துல இருக்கிற புள்ளி, கறையெல்லாம் மறைச்சுத்தான் காட்டும். எடுத்துடவா?"

"நான் அதைக் கேக்கவே இல்லையே. எடுத்துடும்மா."

இமைத்துவிட்டு மடியைப் பார்த்தவள் அசந்துபோனாள். குழந்தையின் கன்னமெல்லாம் கறுப்பு மை. திருஷ்டிப் பொட்டு வைத்த மறுநொடியே அது காணாமல் போகும். குழந்தைதான் தேய்த்துவிட்டது என்று திரும்பவும் வைப்பாள். திருமாறனும் தன் பங்குக்கு வைப்பான்.

சிரித்துக்கொண்டே துப்பட்டா நுனியை நனைத்துத் துடைத்தாள். காதோரம் ஒன்று மட்டும் போகவே இல்லை.

"அது மச்சம்க்கா," என்றாள் கடைக்காரப் பெண். "பொறக்கும்போதே கூட வந்தது."

நறுமுகையின் விரல் அதன்மேல் அப்படியே நின்றது. நெற்றியில் பூனைமுடி, கண்ணோரம் மெல்லிய பச்சை நரம்பு, உதட்டில் காய்ந்த பால். தான் பெற்ற முகத்தை அவளால் பார்த்து முடிக்க முடியவில்லை.

"ஏங்க, பாப்பாவுக்கு மச்சம் இருக்குங்க."

திருமாறன் குனிந்து அவள் விரல் காட்டிய இடத்தை உற்றுப் பார்த்தான்.

"எங்க?"