முதல் நாள் குழி

'டொப்... டொப்...'

இருட்டி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சம்மட்டி அடிக்கிற மாதிரியும் இருந்தது, தலையணையைக் குத்துகிற மாதிரியும் இருந்தது. என்ன சத்தமென்று ரெஜினாவுக்குப் பிடிபடவில்லை. எட்டு மாதக் குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

கிளியனூர் தாண்டி, பாண்டிச்சேரி ரோட்டோரத்தில் தனி வீடு. லாரிகள் கவிழ்கிற பழைய திருப்பத்தை மாற்றிப் புது வளைவு போட வந்த ஓவர்சியர் சவுரிராயனுக்கு வாடகைக்குக் கிடைத்தது அதுதான். மத்தியானத்துக்கு மேல் திண்டிவனம் ஆபீசுக்குப் போன மனுஷர் இன்னும் வரவில்லை.

சத்தம் வளைவுப் பக்கமிருந்துதான் வந்தது.

முளைகள்!

நினைத்ததும் பயத்தை மீறிக் கோபம் வந்தது. புது ரோடு எப்படி வளைய வேண்டுமென்று ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டு, பகலில் ரோட்டின் தடம் காட்டப் பதினாலு மர முளை அடிப்பார். விடிந்தால் ஒன்றுகூட இருக்காது. இரண்டு நாளாக இதே கூத்து. நாளைக் காலை விழுப்புரத்திலிருந்து பெரிய இன்ஜினியர் பார்வையிட வருகிறார். முளை இல்லையென்றால் மெமோ நிச்சயம். வேலைக்கே உலை வைத்தாலும் வைப்பார்கள்.

குழந்தையை இடுப்பில் இடுக்கி, அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டே டார்ச்சோடு போனாள்.

வெளிச்சத்தில் சிக்கியது முனியம்மாள். சர்வேக்குச் சங்கிலி பிடிக்கிற கூலிக்காரி. மடியில் ஏழெட்டு முளை. கையில் துணி சுற்றிய சம்மட்டி.

"நீதானா! உன் குடிசை மேல ரோடு போகுதுன்னு முளையைப் பிடுங்கறியா?"

"இன்னாம்மா, பச்சக் கொழந்தையத் தூக்கிக்கினு பனியில..."

"பேச்சை மாத்தாதே. உன்னை நம்பித்தானே அவர் வேலைக்கு வெச்சாரு? அவருக்கு மெமோ வந்தா நாங்க எங்க போறது? போலீஸ்ல சொல்லட்டுமா?"

"சொல்லுங்க. கொஞ்சம் கீழ பார்த்துட்டுச் சொல்லுங்க."

ரெஜினா டார்ச்சைத் தாழ்த்தினாள். முனியம்மாளின் அடுப்பை ஒட்டி, புதிதாக அடித்த முளை ஒன்று நின்றது.

"இது மொத நாளு சார் முளை அடிச்ச குழி. விடிஞ்சா முளையக் காணோம். நேத்து சார் திருப்பி அடிச்சாரு, அது கோழிக்கூண்டாண்ட போயிட்டது. அதுவும் காணாப் போயி, இன்னிக்கு அடிச்சது துவைக்கிற கல்லாண்ட. எவன் புடுங்கறானோ தெரியாது. ஆனா முளை காணாப் போவ காணாப் போவ, வளைவு என் குடிசைய வுட்டு ஒதுங்கிக்கினே போவுது. அதான் இன்னிக்கு அடிச்சத நானே புடுங்கி, மொத நாள் குழியில நட்டுக்கினு இருக்கேன்."

"உன் குடிசை போயிடுமே!"

"போனா போவுது. நாலு மூங்கிலு, ரெண்டு கட்டு கீத்து. எட்டத் தள்ளிப் போட்டுக்கினா ஒரு நாள் வேலை. நாளைக்கு வர்ற பெரிய ஆபீசரண்ட ஒரு மனை கேக்கலாம்னு இருக்கேன். ஆனா வளைவை இறுக்கிட்டா? கரும்பு லாரி கவுந்துதானே எங்க வூட்டுக்காரர் போனாரு. இதே திருப்பத்துல."

ரெஜினா டார்ச்சைச் சம்மட்டிப் பக்கம் திருப்பினாள். எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டாள்.

"சம்மட்டிக்கு எதுக்குத் துணி?"

"கொழந்த முழிச்சிக்குமேன்னுதான். முழிச்சா ஊரையே கூட்டுதே, உங்களாட்டம்."

மீதி முளைகளுக்கு ரெஜினா டார்ச் பிடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவரின் நோட்டைப் பிரித்தாள். கான்வென்ட்டில் கணக்குக்குப் பரிசு வாங்கியவள் அவள். முளை தொலைந்தால் அதே கணக்கை வைத்துத் திரும்ப அடிக்கலாமே, தினம் ஒரு புது வளைவு எதற்கு?

முதல் நாள் பக்கத்தில் வளைவின் ஆரம் இருநூறு மீட்டர். நேற்று நூற்று எண்பத்தைந்து. இன்று நூற்று எழுபது. ஆரம் குறையக் குறைய வளைவு இறுகும், முனியம்மாளின் குடிசையை விட்டு விலகும்.

அடுத்த பக்கத்தில் நூற்று ஐம்பத்தைந்து. அதற்கு மேல் நாளைய தேதி, விடியற்காலை ஐந்து மணி. முளை தொலைவதற்குள்ளேயே கணக்குத் தயாராக இருந்தது.

ஆபீசிலிருந்து வந்து, ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுக் கை கழுவிய சவுரிராயன் சட்டையை மாட்டினார்.

"சிகரெட் தீந்துபோச்சு. கடை வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

"சிகரெட்டுக்குக் கோணிப்பை எதுக்குங்க?"

அவர் திரும்பினார். மேஜையில் நோட்டு விரிந்து கிடந்தது.

"முனியம்மா அக்காவுக்கு நல்லது செய்யத்தான் நினைச்சீங்க. அவங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"எப்படிக் கேக்கறது ரெஜினா? உன் அடுப்பு மேல ரோடு போடப்போறேன், சம்மதமான்னா?"

"கேட்டிருந்தா, போடுங்கன்னு சொல்லியிருப்பாங்க. நாளைக்கு இன்னொரு லாரி கவுந்தா யாருக்கு நல்லது? உக்காந்து மனை கேட்டு ஒரு மனு எழுதிக் குடுங்க. பதினாலு முளையும் மொத நாள் குழியில இருக்கு. முனியம்மா அக்கா நட்டாங்க, நான் டார்ச் பிடிச்சேன்."

சவுரிராயன் கோணியைக் கீழே போட்டுவிட்டு, வெள்ளைத் தாளைத் தேடினார்.

இரண்டு நாளாக முளை திருடிய ஆளை வீட்டுக்குள்ளேயே வைத்து, ரெஜினா கதவைத் தாழ் போட்டாள்.